விண்டோஸ் 10 நின்ற பிறகு: கடைக் கணினிகளை லினக்சுக்கு மாற்றியவர்களின் அனுபவப் பகிர்வு

ஈரோடு, ஜவுளி மொத்த வணிகம்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றபோது எங்கள் கடையில் ஆறு கணினிகள் இருந்தன. அவற்றில் ஐந்து கணினிகள் ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை ஐ3 செயலி கொண்டவை. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதற்கொண்டுதான் ஏற்கிறது. அதற்கு மேல் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் கணினியில் வேண்டும் என்று கேட்கிறது. பில் போடவும் இ-வே பில் எடுக்கவும் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை இந்தக் காரணத்துக்காகப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. பணம் கட்டி நீட்டிப்பு பெறலாம் என்றார்கள். நிறுவனங்களுக்கு அது முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்த ஒவ்வோர் ஆண்டும் அதன் இரு மடங்கு என்று தெரிந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22-ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, வன்வட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, ஒரு வாரம் மாலை நேரங்களில் சோதித்தேன். கடைக்கு வேண்டியவை நான்குதான்: பார்கோடு ஸ்கேனர், 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஜிஎஸ்டி தளங்கள். ஸ்கேனர் கணினிக்குத் தன்னை ஒரு விசைப்பலகையாகவே காட்டிக்கொள்வதால் செருகியவுடன் வேலை செய்தது. இணையதளங்கள் ஃபயர்பாக்ஸில் சிக்கலின்றித் திறந்தன. டாட் மேட்ரிக்ஸ்தான் இரண்டு மாலைகளை விழுங்கியது. பிரிண்டரை இயக்கும் நிரலான எப்சன் 9 ஊசி டிரைவரை அது ஏற்றுக்கொண்டாலும், 10-க்கு 6 அங்குலத் தொடர்தாளின் அளவை நாங்கள் தனியாகப் பதிவு செய்யும் வரை ஒவ்வொரு பில்லுக்குப் பின்னும் பாதித் தாள் வெறுமையாக வெளியே வந்துகொண்டிருந்தது. சந்தை நாளில் இப்படி நடந்திருந்தால் அன்றே விண்டோஸுக்குத் திரும்பியிருப்பேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

உண்மையான முடிச்சு டேலியில் இருந்தது. அது விண்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள். விண்டோஸ் மென்பொருள்களை லினக்சில் இயக்கும் ஒயின் என்னும் கருவி வழியாகத் திறந்து பார்த்தேன். திறந்தது, வவுச்சரும் போட்டது. ஆனால் வரிக் கணக்கு தங்கியிருக்கும் ஒரு மென்பொருள் "பெரும்பாலும் ஓடுகிறது" என்ற நிலையில் இருப்பதை எங்கள் கணக்கர் ஏற்கவில்லை, அவர் மறுத்தது சரியே. ஆகவே ஆறாவது கணினியில், அது புதியது என்பதால், உரிமம் பெற்ற விண்டோஸ் 11-ஐயும் டேலியையும் வைத்துக்கொண்டோம். மற்ற ஐந்திலும் மின்ட். எப்போதாவது டேலியைப் பார்க்க வேண்டியிருந்தால் ரெமினா என்னும் கருவி மூலம் அந்தக் கணினிக்குள் நுழைகிறோம்; விண்டோஸின் மேசைக் கணினிப் பதிப்பு ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் என்பதால், கணக்கர் எழுந்து தேநீர் குடிக்கப் போகும் நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கிறது.

எதிர்பாராத இடைஞ்சல் ஒன்று எக்செல் கோப்பிலிருந்து வந்தது. முன்பு இருந்த கணக்கர் ஒருவர் விலைப்பட்டியலுக்கு எழுதி வைத்திருந்த மேக்ரோ என்னும் சிறு நிரல், எக்செலுக்குப் பதிலாக லினக்சில் நாங்கள் பயன்படுத்தும் லிப்ரே ஆபீஸில் பாதி தூரம் ஓடி நின்றது. அது என்ன செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல்தான் இத்தனை ஆண்டுகள் பயன்படுத்தி வந்திருக்கிறோம். பிரித்துப் பார்த்தபோது, இரண்டு விலுக்கப் வாய்பாடுகளால் முடிகிற வேலை அது. மாற்றி எழுதிக்கொண்டோம். பில் போடும் தம்பிக்கு மாற்றம் பழக அரை நாள் ஆயிற்று; எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

கும்பகோணம், அச்சகம்

ஈரோட்டு நண்பருக்கு வாய்த்தது எங்களுக்கு வாய்க்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், துண்டறிக்கை இவையே எங்கள் தொழில். பன்னிரண்டு ஆண்டு வடிவமைப்புகள் அனைத்தும் கோரல் டிரா என்னும் விண்டோஸ் வடிவமைப்பு மென்பொருளில் இருக்கின்றன. லினக்சில் ஓடும் அதுபோன்ற மென்பொருளான இங்க்ஸ்கேப் அந்தக் கோப்புகளைத் திறக்கிறது, கோடுகளும் பூவேலைகளும் ஓரளவு வந்துவிடுகின்றன, எழுத்துகள் மட்டும் இடம் மாறிச் சிதறுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த எழுத்துகள் எவையும் இன்று எல்லாக் கணினிகளும் ஏற்கும் பொதுக் குறியீடான யூனிகோட் அல்ல என்பது. பழைய எழுத்துருக்களில் "கொ" என்பது முன்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாகத் தட்டெழுதப்பட்டிருக்கும். மாற்றிகள் உண்டு, ஆனால் மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். மணமகளின் பெயரில் ஒரு கால் விடுபட்டால் ஆயிரம் அழைப்பிதழையும் நம் செலவில் திரும்ப அடிக்க நேரும்.

வண்ணப் பிரிப்பும் நினைவில் கொள்ள வேண்டியது. பிளேட் போடுகிறவர் நால்வண்ணப் பிடிஎஃப் கேட்பார். அதைப் பக்க அமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் நன்றாகவே தருகிறது. முன்பு 1.4 பதிப்பில் தமிழின் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. 1.6 பதிப்பில் அந்தக் குறை நீங்கி, தமிழ் ஒழுங்காக அமைகிறது. எனவே புதிதாகத் தொடங்குகிற அச்சகத்துக்கு நான் தயங்காமல் சொல்வேன், முதல் நாளிலிருந்தே யூனிகோடும் ஸ்கிரைபஸும் வைத்துக்கொள்ளுங்கள் என்று. எங்களைப் போல் பழைய சேமிப்பை முதுகில் சுமப்பவர்களுக்கு வழி வேறு. இரண்டு மாதப் போராட்டத்துக்குப் பின் வடிவமைப்புக் கணினிகள் இரண்டையும் விண்டோஸுக்கே திருப்பினேன். ஆனால் கோப்புகளைச் சேமிக்கும் கணினியில் டெபியன் என்னும் லினக்ஸ் வகையும், கோப்புகளை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் சாம்பாவும் நிறுவி, ஒவ்வோர் இரவும் வேறொரு வட்டுக்குப் படி எடுக்கும்படி செய்தேன். அது எட்டு மாதமாக யாருடைய கையும் படாமல் ஓடுகிறது. இதற்கு முன்னால் ஒருமுறை, புதுப்பிப்பில்லாத எங்கள் பழைய விண்டோஸ் கணினி ஒன்றுக்குள் பிணைத்தொகை நச்சுநிரல் (ரான்சம்வேர்) புகுந்து, ஒரு பருவத்தின் அழைப்பிதழ்கள் முழுவதையும் பூட்டியிருக்கிறது. அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்த ஒரு மாற்றமே எனக்குப் போதுமான ஆதாயம்.

மதுரை, வரி ஆலோசகர் அலுவலகம்

இருவரும் தொடாத ஒன்று டிஜிட்டல் கையொப்பம். மாறுவதற்கு முன் உங்கள் நிறுவனம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். தனிஉரிமை நிறுவனமும் பங்குதாரர் நிறுவனமும் ஜிஎஸ்டி படிவங்களைக் கைபேசிக்கு வரும் ஓடிபி மூலம் உறுதிசெய்து தாக்கல் செய்யலாம். அவர்களுக்கு உலாவி ஒன்று இருந்தால் எந்த இயங்குதளமும் போதும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளும் எல்எல்பிகளும் யுஎஸ்பி டோக்கனில் உள்ள கையொப்பத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கிறதா என்பதை வாங்கும் முன்பே விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் இருக்கும் இரு வகை டோக்கன்களில் ஒன்றுக்கு அது குறுந்தகட்டிலேயே வந்தது, மற்றதைப் பற்றி விற்றவருக்கே தெரியவில்லை. கடைசித் தேதியின் இரவில் டோக்கனை அடையாளம் காணாத கணினியின் முன் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று அறிந்தவன் என்பதால், கையொப்பத்துக்கென்று ஒரு விண்டோஸ் கணினியை நான் இன்னும் விடவில்லை.

பட்டுக்கோட்டை, ஜெராக்ஸ் கடை

எங்கள் கடையில் மூன்று கணினிகள். வாங்கிய நாளிலிருந்து மூன்றிலும் உரிமமில்லாத விண்டோஸ்தான் இருந்தது; கணினி பொருத்திக் கொடுத்தவர் "எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன்" என்றார், நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. உரிமமற்ற மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருப்பதை ஒரு வாடிக்கையாளர், அவர் வழக்கறிஞர், கல்யாணப் பத்திரிகை நகல் எடுக்க வந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டு 24.04 போட்டோம்.

தமிழ்த் தட்டச்சுக்கு நான் மிகவும் அஞ்சினேன். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்ததும் தமிழ்99, பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்றும் வந்துவிட்டன. பாமினியில் தட்டெழுதிக் கொண்டுவரும் கோப்புகளுக்கு அந்த எழுத்துருவை நிறுவினால் போதும், அப்படியே தெரிகின்றன. பக்க அமைப்பு குலைவதுதான் மீதித் தொல்லை: வேர்டில் கலிப்ரி எழுத்துருவில் செய்த தன்விவரக் குறிப்பு ஒன்றரைப் பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாக நீண்டுவிடும். அதே அகலம் கொண்ட கார்லிட்டோ எழுத்துருவை நிறுவிய பிறகு அது பெருமளவு குறைந்தது. எங்களிடம் இருந்த பழைய லேசர் பிரிண்டர் ஒன்று மட்டும் கடைசி வரை மசியவில்லை. அதை விற்றுவிட்டு வேறு வாங்க நேர்ந்தது. இலவசம் என்று தொடங்கிய வேலையில் எங்களுக்கு ஏற்பட்ட ஒரே பெருஞ்செலவு அதுதான்.

ஈரோடு, ஜவுளி மொத்த வணிகம் (மீண்டும்)

கும்பகோணத்து நண்பர் எழுதியதைப் படித்த பின், எங்களுக்கு எளிதாக முடிந்ததன் காரணம் எனக்குத் தெளிவாயிற்று. எங்கள் தொழிலை விண்டோஸோடு கட்டிவைத்திருந்த கயிறு டேலி ஒன்றே ஒன்று. அது ஒரே கணினியில் அடங்கியது. அவர்களுடையது ஒவ்வொரு கோப்பிலும் இருந்திருக்கிறது.

பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் விண்டோஸ் தெரிந்தவர் தெருவுக்கு இருவர் உண்டு, லினக்ஸ் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர். வந்துபோகும் ஒவ்வொரு முறைக்கும் பணம் கொடுக்கிறோம், அவர் உழைப்பை இலவசச் சேவையாக எண்ணி ஏமாற்றக்கூடாது. சொந்தமாகக் கற்க விரும்புவோருக்குத் தமிழிலேயே கணியம் இதழின் கட்டுரைகள் இணையத்தில் கிடைக்கின்றன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவைப் போன்ற தன்னார்வக் குழுக்களிடமும் ஐயங்களைக் கேட்கலாம்.

மின்ட் 22-க்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு என்பதால் ஐந்து கணினிகளைப் பற்றிய கவலை இப்போதைக்கு இல்லை. டேலிக்கு மாற்றாகக் கட்டற்ற மென்பொருளான இஆர்பிநெக்ஸ்டில் பழைய ஆண்டுக் கணக்கொன்றை ஏற்றிச் சோதித்து வருகிறோம். சரக்கிருப்பு ஒத்துப்போகிறது, வங்கிச் சரிபார்ப்பில் இன்னும் 340 ரூபாய் இடிக்கிறது. மார்ச் 31 கணக்கு முடிப்பு வரை கணக்கரின் கணினியைத் தொடுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.