வெங்காயத்தில் எழும்பும் வெள்ளை நூல் டீ.என்.ஏ. தானா?

செம்மண்:
யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கண்காட்சி என்றால் இந்தச் செய்முறை கட்டாயம் இருக்கும். வெங்காயத்தை அரைத்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வடித்து, மேலே குளிர்ந்த எதனோலை ஊற்றினால் இரண்டு படைகளுக்கும் நடுவில் வெள்ளையாக நூல் திரளும். பக்கத்தில் "இதுதான் டீ.என்.ஏ." என்று எழுதி ஒட்டியிருக்கும். அந்தத் தாளைக் கழற்ற வேண்டும் என்கிறேன். திரளுவதில் பெரும்பகுதி டீ.என்.ஏ. அல்ல.

கணக்குப் பாருங்கள். வெங்காயத்தின் பரம்பரைத் தொகுதி பெரியதுதான். ஒருமடியத்தில், அதாவது ஒரு தொகுதி நிறமூர்த்தங்களில், ஏறத்தாழ 1600 கோடி மூலச் சோடிகள், மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. இருமடியக் கலம் ஒன்றில் 33 பிக்கோகிராம் வரும். ஆனால் குமிழின் சதைக்கலங்கள் பென்னம்பெரியவை. நீளம் 0.3 மில்லிமீற்றர், அகலமும் தடிப்பும் 0.1 என்று எடுத்தால் ஒரு கிராமில் மூன்றேகால் இலட்சம் கலங்கள்தான் அடங்கும். 20 கிராம் வெங்காயத்தின் முழு டீ.என்.ஏ.யும் கொஞ்சமும் வீணாகாமல் கையில் வந்தாலும் 0.2 மில்லிகிராம். அப்படியென்றால் குழாயில் விரல் தடிப்பில் மிதப்பது என்ன? பெரும்பாலும் பெக்ரின், தாவரக் கலச்சுவரில் இருக்கும் பசைபோன்ற பல்சக்கரைட்டு. ஆலைகளில் பெக்ரினை வீழ்படிவாக்குவதே அற்ககோலால்தான். மிச்சம் புரதமும் ஆர்.என்.ஏ.யும்.

சந்தேகம் என்றால் முட்டை வெள்ளைக்கருவை நாலு மடங்கு உப்புநீரில் கலந்து வடித்து, அதே திரவத்தையும் அதே எதனோலையும் விட்டுப் பாருங்கள். வெள்ளை நூலும் சவ்வும் திரளும். கலமே இல்லாத பொருள் அது.

மானிப்பாய் ரீச்சர்:
கணக்குச் சரி, முடிவு சரியில்லை. 0.2 மில்லிகிராம் என்பது உலர்ந்த நிறை. குழாயில் நாங்கள் பார்ப்பது நீரைப் பிடித்து ஊதின நார். எதனோல் நீரோடு கலக்கும்போது கரைந்திருந்த வளி குமிழாக வெளிவந்து நாருக்குள் சிக்கும், அதனால்தான் அது மேலே மிதக்கிறது. பார்வைக்குத் தெரியும் பருமனை வைத்து நிறையைச் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம், இந்தச் செய்முறை ஒவ்வொரு படியிலும் கலத்தின் அமைப்பைப் படிப்பிக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் கலமென்சவ்வின் கொழுப்பையும் கருமென்சவ்வையும் குலைக்கும். டீ.என்.ஏ.யின் முள்ளந்தண்டு முழுக்கப் பொஸ்பேற்று, மறை ஏற்றம். உப்பின் சோடியம் அயன் அதைச் சமப்படுத்தினால்தான் இழைகள் ஒன்றையொன்று தள்ளாமல் சேரும். எதனோல் நீரின் மின்கோடுபுகு மாறிலியை, அதாவது எதிர் ஏற்றங்களைப் பிரித்துவைக்கும் ஆற்றலை, குறைப்பதால் அந்தப் பிணைப்பு இறுகி வீழ்படிவு வரும். இவ்வளவையும் ஒரு வெங்காயத்தில் காட்டலாம்.

பிழைப்பது பெரும்பாலும் செய்யும் விதத்தில். 20 கிராம் வெங்காயத்துக்கு 40 மில்லிலீற்றர் நீர், 1.2 கிராம் உப்பு, 4 மில்லிலீற்றர் திரவம் போதும். 60 பாகையில் 15 நிமிடம், உடனே ஐஸில் 5 நிமிடம், பிறகு 5 செக்கன் மட்டும் அரைப்பு. கூட அரைத்தால் இழை துண்டுதுண்டாகி, நூலாக இல்லாமல் மாவாக வரும். வடிக்கும்போது துணியைப் பிழியக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் சுண்ணக்கல் நீரில் கல்சியமும் மக்னீசியமும் நிறைய. டீ.என்.ஏ.யை வெட்டும் நொதியங்களுக்கு மக்னீசியம் தேவை, நாங்களே ஊட்டிவிடக் கூடாது. எரிபொருள் நிலையத்தில் விற்கும் பற்றறித் தண்ணீர் எடுங்கள். முடிந்தால் ஈ.டி.ரி.ஏ. இருசோடியம் உப்பு 0.15 கிராம் போட்டால் மிச்ச மக்னீசியத்தையும் அது பிடித்துவைக்கும்.

முனையூரான்:
ரீச்சர், ஒண்டை விட்டிட்டீங்கள். கனபேருக்கு நூல் வராததுக்குக் காரணம் பார்மசியில வாங்கிற 70 வீத ஸ்பிரிட். 95 வீத எதனோல் இரண்டு பங்கு விட்டா கடைசிச் செறிவு 63 வீதம், டீ.என்.ஏ. வரும். 70 வீதத்தை இரண்டு பங்கு விட்டா 47 வீதம்தான், சரியா வராது. கைகழுவிற ஜெல்லைத் தொடவே வேண்டாம், அதைத் தடிப்பாக்கப் போட்ட பொலிமரே உப்போட சேர்ந்து கலங்கும். ஐசோபுரொப்பைல் கிடைச்சா ஒரு பங்கே போதும். எதனோலை வீட்டு பிரிஜ்ஜின்ர மேல்தட்டில வைக்காதேங்கோ, உள்ளுக்கு ஒரு பொறி பறந்தா ஆவி பத்தும். சந்தையில மீனுக்குப் போடுற ஐஸில உப்புத் தூவி, போத்திலை அதுக்குள்ள நட்டாக் காணும்.

செம்மண்:
ரீச்சரின் செய்முறையில் ஒரு முடிச்சு இருக்கிறது. கலச்சுவரில் பெக்ரின் இழைகளைக் கட்டிவைப்பது கல்சியம். ஈ.டி.ரி.ஏ. மக்னீசியத்தோடு கல்சியத்தையும் பிடுங்கும். 60 பாகை வெப்பம், ஈ.டி.ரி.ஏ., 15 நிமிடம்: பெக்ரினைக் கரைத்தெடுக்க ஆய்வுகூடங்களில் செய்வதும் ஏறத்தாழ இதுதான். நொதியத்தை நிறுத்தப் போய்ச் சுவரைக் கரைத்து வடிதிரவத்துக்குள் விடுகிறோம்.

ரீச்சர் சொன்ன 1.2 கிராம் உப்பு லீற்றருக்கு 0.5 மோல் அளவில் வரும், அதுவும் போதாது. கருவுக்குள் டீ.என்.ஏ. வெறுமையாக இல்லை, 147 மூலச் சோடி நீளமான துண்டு ஒவ்வொன்றும் எட்டு ஹிஸ்ரோன் புரதங்கள் கொண்ட உருளை ஒன்றைச் சுற்றிக் கிடக்கிறது. 0.5 மோலில் உருளைக்கு வெளியே இருக்கும் எச்1 என்ற ஹிஸ்ரோன் மட்டும் கழலத் தொடங்கும். உள்ளே இருப்பவை முழுவதும் கழல 2 மோல் வேண்டும்.

மெதிலீன் நீலம் விட்டு "பாருங்கள், நீலம் பிடிக்கிறது, ஆகவே டீ.என்.ஏ." என்று காட்டுவதையும் நிறுத்த வேண்டும். அது நேரேற்றச் சாயம். மறையேற்றம் உள்ள எதிலும் ஒட்டும், பெக்ரினின் காபொட்சைல் கூட்டங்களிலும் ஒட்டும். அடையாளம் காட்டாத சோதனையைச் சோதனை என்று பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

1944இல் ஏவரி, மக்கிளியோட், மக்காட்டி மூவரும் நியூமோக்கொக்கசு என்ற பற்றீரியாவை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக உருமாற்றும் பொருளை அற்ககோலில் நாராகத்தான் பெற்றார்கள். நார் வந்ததோடு விட்டிருந்தால் அது கண்டுபிடிப்பாகியிராது. புரதத்தை வெட்டும் நொதியம் போட்டார்கள், உருமாற்றம் நின்றுபோகவில்லை. ஆர்.என்.ஏ.யை வெட்டும் நொதியம் போட்டார்கள், நிற்கவில்லை. டீ.என்.ஏ.யை வெட்டும் நொதியம் போட்டபோது நின்றது. எங்கள் செய்முறையில் அந்தக் கட்டம்தான் இல்லை.

மானிப்பாய் ரீச்சர்:
உப்பை 2 மோலுக்கு ஏற்றுவதை ஏற்கிறேன். 100 மில்லிலீற்றருக்கு 11.7 கிராம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: ஹிஸ்ரோன் கழலும், உப்புச் செறிவு கூடினால் பெக்ரின் போன்ற பல்சக்கரைட்டுகளில் கணிசமான பங்கு எதனோலிலும் கரைந்தே நிற்கும். தாவர டீ.என்.ஏ. எடுப்பவர்கள் இதே காரணத்துக்காகத்தான் உப்பைக் கூட்டுகிறார்கள். ஈ.டி.ரி.ஏ.யை வெப்பத்துக்குப் பிறகு, ஐஸில் வைக்கும்போது போட்டால் உங்கள் முடிச்சும் தளரும்.

ஆனால் நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் டைபீனைலமைன் சோதனை, அதாவது டீ.என்.ஏ.யின் வெல்லத்தோடு நீலம் தரும் சோதனை, செய்யச் சொல்லாதீர்கள். அங்கேதான் போகிறீர்கள் என்று தெரிகிறது. 100 மில்லிலீற்றர் உறைநிலை அசற்றிக்கமிலம், 2.75 மில்லிலீற்றர் செறிந்த சல்பூரிக்கமிலம், கொதிநீரில் 10 நிமிடம். ஆவியுறிஞ்சி இல்லாத ஆய்வுகூடத்தில் அது ஆபத்து. புரதம் இல்லை என்று காட்டப் பப்பாசிப் பால் போதும், அதில் பப்பெயின் இருக்கிறது.

செம்மண்:
பப்பாசிப் பால் தனி நொதியம் இல்லை, பல நொதியங்களின் கலவை. அதுவும் புரதத்தை மட்டும்தான் கழிக்கும். எங்கள் பிரச்சினை பெக்ரின்.

இழைமணி:
இருவரும் குழாயையே சுற்றி வருகிறீர்கள். அதே வெங்காயத்தில், டீ.என்.ஏ.யைக் கலத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு அதற்கே உரிய நிறத்தைக் கொடுக்கும் முறை 1924இலிருந்து இருக்கிறது: ஃபொயில்கன் சாயம்.

சின்ன வெங்காயத்தை வேர்ப்பக்கம் மட்டும் நீரைத் தொடும்படி வையுங்கள். புதிதாகக் கிளப்பிய வெங்காயம் உறங்குநிலையில் இருக்கும், வேர் விடச் சுணங்கும். காயவிட்டுக் கொஞ்சக் காலம் போனது நல்லது. வேர் ஒரு சென்ரிமீற்றர் வந்ததும் வெட்டி, மூன்று பங்கு எதனோல், ஒரு பங்கு உறைநிலை அசற்றிக்கமிலத்தில் ஓர் இரவு. போர்மலின் வேண்டாம், அது தானே அல்டிகைட்டு, முழு இழையத்தையும் சிவப்பாக்கிவிடும். கழுவி, 60 பாகையில் இருக்கும் 1 மோல் ஐதரோக்குளோரிக்கமிலத்தில் 8 முதல் 10 நிமிடம். அமிலம் அடினீனையும் குவானீனையும் கழற்ற, டீ.என்.ஏ.யின் டீஒட்சிறைபோசு வெல்லத்தில் அல்டிகைட்டு வெளிப்படும். ஆர்.என்.ஏ.யின் வெல்லத்தில் ஓர் ஐதரொட்சில் கூட இருப்பதால் அந்தப் பிணைப்பு இலகுவில் விடாது. பெக்ரினிலும் இது நடக்காது. பிறகு, அல்டிகைட்டைக் கண்டால் ஊதாச்சிவப்பாகும் நிறமற்ற ஷிஃப் சோதனைப்பொருளில், இருட்டில், ஒரு மணித்தியாலம்.

வேரைக் கண்ணாலேயே பாருங்கள். நுனியில் ஒன்றரை மில்லிமீற்றர் மட்டும் கடும் ஊதாச்சிவப்பு, அதற்கு மேலே வெளிறல். பிரிவடையும் சிறிய கலங்கள் நெருக்கமாக இருக்கும் இடம் அது. அந்த நுனியை மட்டும் வெட்டி, வழுக்கியில் 45 வீத அசற்றிக்கமிலம் ஒரு துளி விட்டு, மெல்லிய கண்ணாடி மூடித்துண்டை வைத்து நேர்கீழாக நசுக்குங்கள். நுணுக்குக்காட்டியில், பிரிவடையும் கலங்களில் 16 நிறமூர்த்தங்களும் தெளிவாகத் தெரியும். குழியவுரு நிறமின்றி இருக்கும்.

நிறம் வராவிட்டால் இரண்டு காரணம். அமிலத்தில் நேரம் கூடினால் டீ.என்.ஏ.யே உடைந்து கரைந்துவிடும். மற்றது, ஷிஃப் பழுதாகியிருக்கும். போத்திலுக்குள்ளேயே இளஞ்சிவப்பாக இருந்தால் ஊற்றிவிடுங்கள். செம்மண் கேட்கும் ஒப்பீடும் இதில் இருக்கிறது: இன்னொரு வேரை அமிலத்தில் போடாமல் நேரே ஷிஃப்பில் விடுங்கள், கருக்கள் நிறமின்றி இருக்க வேண்டும்.

வேர்நுனியைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். டீ.என்.ஏ. இரட்டிக்கும்போது ஒவ்வொரு மகள் நிறமூர்த்தமும் பழைய இழை ஒன்றையும் புதிய இழை ஒன்றையும் பெறுவதை ரெயிலர் குழுவினர் 1957இல் கண்டது அவரைவகைத் தாவரமான விசியா ஃபாபாவின் வேர்நுனியில். கதிர்த்தொழிற்பாடுள்ள ரைற்றியம் ஏற்றிய தைமிடீனை (டீ.என்.ஏ.யின் ஒரு கட்டுமானப் பொருள்) கொடுத்து, புகைப்படப் படலத்தில் புள்ளி விழும் இடத்தைப் பார்த்தார்கள். இதையே பற்றீரியாவில் காட்டிய மெசல்சன், ஸ்ரால் இருவரின் சோதனை வந்தது அடுத்த ஆண்டு.

மானிப்பாய் ரீச்சர்:
நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் அது டீ.என்.ஏ. இருக்கும் இடத்தைக் காட்டும், அது ஒரு நீண்ட இழை என்பதைக் காட்டாது. நீளம் கையில் தெரிய வேண்டும். 1950இல் சுவிஸ் இரசாயனவியலாளர் றுடொல்ஃப் சிக்னர் கன்றின் தைமசுச் சுரப்பியிலிருந்து மிக மென்மையாக எடுத்த, உடையாத நீண்ட இழைகள் இலண்டனுக்குப் போயிருக்காவிட்டால், றோசலின்ட் ஃபிராங்ளினுக்கு டீ.என்.ஏ.யின் அமைப்பைக் காட்டும் அவ்வளவு தெளிவான எக்ஸ்-கதிர்ப் படம் கிடைத்திருக்குமா? பிரித்தெடுத்தல் என்பது ஆராய்ச்சியின் பாதி. அதை வகுப்பிலிருந்து எடுக்க விடமாட்டேன்.

செம்மண்:
எடுக்கச் சொல்லவில்லை ரீச்சர், மூலப்பொருளை மாற்றச் சொல்கிறேன். எங்களைச் சுற்றிக் கடல். முற்றிய ஆண்மீனின் விந்துச்சுரப்பியில் கலச்சுவர் இல்லை, பெக்ரின் இல்லை. விந்துத் தலை முழுக்க டீ.என்.ஏ.யும் அதைக் கட்டும் புரொற்றமீன் போன்ற புரதங்களும்தான். டீ.என்.ஏ.யை முதன்முதல் பிரித்தெடுத்த மீஷர் பிற்காலத்தில் சல்மன் மீனின் விந்துக்கு மாறியதும் இந்தச் செழிப்பால்தான். ஒரு கிராமில் மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும். 2 மோல் உப்புநீரை விட்டு மெதுவாகக் கிளறினால், பால் மாதிரி இருந்தது சில நிமிடத்தில் கண்ணாடிக்கோலோடு இழுபடும் வழுவழுப்பாக மாறும். அந்த இழுபாடுதான் நீங்கள் கேட்கும் நீளம்.

முனையூரான்:
வெட்டின உடனேயே ஐஸில வையுங்கோ. வெயிலில ஒரு மணித்தியாலம் கிடந்த மீனெண்டா நொதியம் வெட்டிப்போடும், இழுபாடு வராது. சைவப் பிள்ளையள் கனபேர் படிக்கிற வகுப்பில மீனை எடுத்து வைக்கிறதுக்கு முதல் கேளுங்கோ, அவைக்கு வெங்காயக் குழாய் ஒண்டு பக்கத்தில இருக்கட்டும்.

செம்மண்:
இருக்கட்டும். வெங்காயம், விந்துச்சுரப்பி, முட்டை வெள்ளைக்கரு மூன்றும் ஒரே தாங்கியில், ஒரே எதனோலோடு. ஒட்டும் தாளில் "வீழ்படிவு" என்று மட்டும் எழுதுங்கள். டைபீனைலமைன் சோதனையை ஆசிரியர் ஒருவர், திறந்த யன்னலோரம், கையுறையும் கண்ணாடியும் போட்டு, மூன்று வீழ்படிவுக்கும் செய்து காட்டட்டும். எதில் எவ்வளவு நீலம் என்று பிள்ளைகள் எழுதட்டும்.

மானிப்பாய் ரீச்சர்:
நாலாவது குழாயாக வெறும் உப்புநீரும் திரவமும். அதுவும் இருந்தால் சம்மதம். கண்ணாடிக்கோலைக் குழாய்க்குக் குழாய் மாற்ற வேண்டும். விந்துச்சுரப்பியில் வைத்த கோலை முட்டையில் வைத்தால் அங்கேயும் நீலம் வரும்.