சூடான பிறகும் ஆயில் பிரஷர் 90: ஓட்டலாமா?

வண்டிக்காரன்: பழைய பெட்ரோல் கார். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் 3000 ஆர்பிஎம்மில் ஆயில் பிரஷர் 90 பிஎஸ்ஐ காட்டுகிறது. முன்பு 55-ஐத் தாண்டாது. கடைசி சர்வீஸில் 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதிலாக, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார்கள். இப்படியே ஓட்டலாமா?

கியர்மன்னன்: தாராளமாக ஓட்டுங்கள். பிரஷர் குறைந்தால்தான் எஞ்சினுக்கு ஆபத்து. பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் சரி.

திருப்புளி: எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பிரஷர் ஏறினால் பேரிங்குக்கு ஆயில் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தமில்லை. வழியில் தடை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கெட்டி ஆயிலால் ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) திறந்துகொண்டால், பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பங்கு பேரிங்கை எட்டாமலே திரும்பிவிடும்.

கியர்மன்னன்: நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிரஷர் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளத்தானே ரிலீஃப் வால்வு? பிறகென்ன பயம்?

திருப்புளி: அந்த வால்வு ஒரு ஸ்பிரிங்கும் சின்ன பிஸ்டனும்தான் சார். கசடு படிந்து மூடியபடியே சிக்கிக்கொண்டால் திறக்காது. அப்போது ஃபில்டர் டப்பா உப்பும், அதன் ரப்பர் சீல் ஓரமாகப் பிதுங்கும். சீல் பிய்ந்தால் ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிடும். நீங்கள் பயப்படுகிற குறைந்த பிரஷர் அங்கேதான் வந்து நிற்கும்!

ஸ்பானர்: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கேஜ் காட்டுவது முதலில் உண்மையா? எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் கேஜ், சென்சார், ஒயர் மூன்றில் ஒன்றில் கோளாறு.

வண்டிக்காரன்: பார்த்தேன். பூஜ்யத்தில்தான் நிற்கிறது.

ஸ்பானர்: அப்படியும் சென்சாரை முழுதாக நம்ப முடியாது. அதைக் கழற்றி, அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

கியர்மன்னன்: அளப்பது சரி. ஆனால் ஆயிலை மாற்றுவது வீண்செலவு. தேய்ந்த எஞ்சினில் மெல்லிய ஆயில் ஊற்றினால் புகைதான் வரும்.

திருப்புளி: பேரிங் தேய்ந்திருந்தால் இடைவெளி கூடி பிரஷர் இறங்கியிருக்கும். இவருக்கு 5டபிள்யூ-30-இலேயே 55 நின்றது. அது நல்ல அளவு. பிறகு எதற்குக் கெட்டி ஆயில்?

வண்டிக்காரன்: மெக்கானிக்கல் கேஜிலும் சூட்டில் 88. அடுத்து?

திருப்புளி: மேனுவலில் உள்ள கிரேடு ஆயில், புது ஃபில்டர் இரண்டையும் போட்டு மறுபடி அளங்கள். சூட்டில் அப்போதும் 80-க்கு மேல் என்றால் ரிலீஃப் வால்வைக் கழற்றுங்கள். பிஸ்டன் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கோடு விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் ஏறுவது இயல்பு, ஆயில் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் மட்டும் ரேஸ் கொடுக்காதீர்கள்.