எஸ்எச்ஓ பரீட்சைக்கு எதைப் படிப்பது? கையில் இருக்கும் நோட்ஸ் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

ஆலைத்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாம் ஆயில்) ஆலையில், குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பகுதியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பாதுகாப்பு, சுகாதார அதிகாரி (எஸ்எச்ஓ) ஆக வேண்டும் என்று ஆசை. வகுப்பில் சேருவதற்கு முன்பே கொஞ்சம் படித்து வைப்போம் என்று திரட்டியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று, ஆலையில் எனக்கு மூத்த அண்ணன் ஒருவர் தான் படித்தபோது வைத்திருந்த கொழுத்த ஃபோட்டோஸ்டேட் கோப்பு. இன்னொன்று, கத்தாரில் வேலை செய்யும் பெரியப்பா மகன் அனுப்பிய நெபோஷ் என்ற பாதுகாப்புப் படிப்பின் ஆங்கிலப் புத்தகம். இதோடு வாட்ஸாப்பில் ஓர் ஏஜெண்ட் “கண்டிப்பாக வரும் கேள்விகள்” என்று 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறார். இன்னும் பணம் கட்டவில்லை.

சிக்கல் என்னவென்றால், சத்தத்துக்கு வரம்பு 90 டெசிபல் என்கிறது கோப்பு, புத்தகத்தில் 85. முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் கோப்பில் 50,000 வெள்ளி, ஏஜெண்ட் காட்டிய மாதிரிப் பக்கத்தில் 5 லட்சம். கோப்பில் பாதி 1967 தொழிற்சாலை, இயந்திரச் சட்டம்தான். எதை நம்புவது? எனக்கு மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும்.

ஈப்போ அக்கா:
தம்பி, உங்கள் கோப்பு பொய் சொல்லவில்லை, வயதாகிவிட்டது. 1967 சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். நீக்கும் சட்டம் (ஆக்டா 835), 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கான திருத்தம் (ஏ1648) இரண்டும் 2024 ஜூன் 1 அன்று ஒரே நாளில் அமலுக்கு வந்தன. முதலாளியின் பொதுக்கடமையை மீறினால் 50,000 என்றிருந்த அபராதம் அன்றுதான் 5 லட்சமானது. சத்தத்தின் கதை அதற்கும் முந்தியது. 90 என்பது பழைய 1989 விதிமுறை. 2019 ஜூனிலிருந்து ஒரு நாள் வேலை முழுவதற்குமான வரம்பு 85, அதிலும் 82ஐத் தாண்டினாலே “அதிகச் சத்தம்” என்ற கணக்கில் வந்துவிடும்.

அதனால் எந்த நோட்ஸ் கையில் கிடைத்தாலும் முதலில் இதைப் பாருங்கள்: 1994 சட்டத்தில் 18பி, 26ஏ, 29ஏ பிரிவுகள் வருகின்றனவா? 18பி முதலாளி ஆபத்து மதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்பது. 26ஏ உடனடி ஆபத்து தெரிந்தால் தொழிலாளி இடத்தைவிட்டு விலகும் உரிமை. 29ஏ ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் கோர்டினேட்டர் (ஒருங்கிணைப்பாளர்) நியமிப்பது. மூன்றும் இல்லையென்றால் அது திருத்தத்துக்கு முந்தைய நோட்ஸ். விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது எஸ்எச்ஓவா, கோர்டினேட்டரா? கோர்டினேட்டர் பயிற்சி 3 நாள்தான், எஸ்எச்ஓ வகுப்பு 22 நாள். சின்னத் தோட்டங்களில் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையில்லாத புத்தகத்தில் காசைப் போடுகிறார்கள்.

ஆலைத்தம்பி:
எஸ்எச்ஓதான் அக்கா. கோர்டினேட்டராக ஆபீஸ் கிராணியை (எழுத்தரை) ஏற்கெனவே போட்டுவிட்டார்கள்.

பழைய கிராணி:
அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் பாஸ் ஆக வேண்டும் என்றால் கேள்வி பழக வேண்டும். சட்டத்தை முழுக்கப் படித்துக்கொண்டிருந்தால் தீபாவளி வந்துவிடும். 350 வெள்ளி பெரிய காசா? வாங்கிப் பாருங்கள் தம்பி.

ஈப்போ அக்கா:
கிராணி ஐயா, கேள்வி பழகுவதில் எனக்கும் மறுப்பில்லை. வகுப்பில் பயிற்சிக் கேள்வி தருவார்கள், உடன் படிப்பவர்களோடு உட்கார்ந்து போடலாம். “கண்டிப்பாக வரும்” என்று விற்பது வேறு. அது நிஜமாகவே வெளியே கசிந்த தாள் என்றால் தம்பி சட்டச் சிக்கலில் மாட்டுவார். கசியவில்லை என்றால் 350 வெள்ளிக்குப் பொய்யை வாங்குகிறார். எப்படிப் பார்த்தாலும் நட்டம். பாதுகாப்பு அதிகாரியாகப் போகிறவர் இப்படியா ஆரம்பிப்பது?

கோலகங்சார் எஸ்எச்ஓ:
நெபோஷ் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம் தம்பி, இடம் மாற்றி வையுங்கள். அது இங்கிலாந்து அமைப்பின் படிப்பு. வளைகுடாவில் நல்ல மதிப்பு உண்டு, ஆனால் அதை மட்டும் காட்டி இங்கே டோஷில் (அரசின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில்) எஸ்எச்ஓவாகப் பதிய முடியாது. அதில் சட்டப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, கட்டுப்பாடுகளின் வரிசை (அகற்று, மாற்று, பொறியியல் தடுப்பு, நிர்வாக நடவடிக்கை, கடைசியாகத்தான் ஹெல்மெட்டும் கையுறையும்), விபத்து விசாரணை: இவற்றுக்கு நாடு கிடையாது. மெதுவாகப் படித்தாலும் போதும்.

சட்டத்துக்குக் காசே வேண்டாம். 1994 சட்டம் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடக்கிறது. விதிமுறைகளும் வழிகாட்டிகளும் டோஷ் தளத்தில் இலவசம். மலாய் வருமென்றால் மலாயிலேயே படியுங்கள், பாதியில் மொழி மாற்றாதீர்கள். சட்டத்துக்கு அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டால், செம்பனைக்காரருக்கு என் வரிசை இது: 1996 பாதுகாப்புக் குழு விதிமுறை (40 பேர் இருந்தால் குழு வேண்டும்), 2000ஆம் ஆண்டின் ரசாயன விதிமுறை, விபத்து அறிவிக்கும் 2004 விதிமுறை, 2019 சத்தம். மூடிய இடத்துக்கான 2010 நெறிமுறையையும் விடாதீர்கள், ஆலையில் டாங்கிக்குள் இறங்கும் வேலை இல்லாமலா போகும். ரசாயனப் பகுதியைத் தோட்டத்து மருந்தடிப்போடு சேர்த்துப் படித்தால் மனத்தில் நிற்கும். அங்கேயும் பழைய நோட்ஸில் ஒரு பொறி உண்டு: பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எப்படிக் கலப்பது என்று பாடம் நடத்தும். அந்த மருந்து 2020 ஜனவரி முதல் இங்கே தடை.

எல்லாவற்றுக்கும் மேலே, டோஷின் 2008 ஹிராக் வழிகாட்டியை (ஆபத்தை அடையாளம் கண்டு, எண் போட்டு மதிப்பிட்டு, கட்டுப்படுத்தும் முறை) எடுத்து உங்கள் ஸ்டெரிலைசருக்கே ஒரு மதிப்பீடு எழுதிப் பாருங்கள். எழுதி இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

ஆலைத்தம்பி:
அண்ணா, வார இறுதியில் எழுதிப் பார்த்தேன். உள்ளே நீராவி அழுத்தம் மிச்சமிருக்கும்போது கதவைத் திறப்பது. இத்தனை வருடத்தில் எங்கள் ஆலையில் நடந்ததில்லை, அதனால் நிகழ்வாய்ப்பு 2. நடந்தால் ஒருவர் சாகலாம், தீவிரம் 4. பெருக்கினால் 8. அட்டவணையில் 5 முதல் 12 வரை நடுத்தரம். ஆள் சாகக்கூடிய விஷயம் நடுத்தரமா? நான் எங்கோ தப்பாகப் போட்டிருக்கிறேன் போல.

கோலகங்சார் எஸ்எச்ஓ:
தப்பே இல்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். நல்ல இடத்தில் இடறியிருக்கிறீர்கள், பல பேர் எட்டைப் போட்டுவிட்டுத் தாளை மூடிவிடுவார்கள். அந்த 2 எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். அழுத்தம் இறங்காமல் கதவு திறக்காதபடி இன்டர்லாக் இருக்கிறது, அது வேலை செய்கிறது, அதனால் 2. லோடு தாமதமாகிறது என்று யாராவது கம்பியைக் கட்டி இன்டர்லாக்கை ஏமாற்றினால்? அப்போது அது 4. நாலை நாலால் பெருக்கினால் 16. 15ஐத் தொட்டாலே உயர் ஆபத்து. கதவு அதே கதவுதான்.

ஆகவே உங்கள் தாளில் எட்டுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது: இன்டர்லாக்கை யார் சோதிப்பது, எப்போது, பழுதென்றால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு. காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டும்போது) “கவனமாக இருங்கள்” என்று சொல்வது நிர்வாக நடவடிக்கைதான், இன்டர்லாக்குக்கு ஈடாகாது. எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்டீர்கள் அல்லவா, கட்டுப்பாடு போனால் எண் எப்படி மாறும் என்பதை விளக்காத நோட்ஸை வாங்காதீர்கள்.

அடுத்ததாக வெளிவேலையையும் ஒன்று எழுதுங்கள். மின்கம்பிக்கு அடியில் அலுமினியக் கம்பத்தோடு குலை வெட்டுவது. அதற்கு எண் போடுவதைவிடக் கட்டுப்பாடு எழுதுவதுதான் கஷ்டம்.

பழைய கிராணி:
சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் 22 நாள் லீவுக்கும் பணத்துக்கும் தம்பி எங்கே போவார்? அதையும் யாராவது சொல்லுங்கள்.

ஈப்போ அக்கா:
ஐயா கேட்டது நியாயம். தம்பி, உங்கள் கம்பெனி எச்ஆர்டி கார்ப்புக்கு (தொழிலாளர் பயிற்சி நிதியை நடத்தும் அமைப்பு) லெவி கட்டுகிறதா என்று ஆபீஸில் கேளுங்கள். கட்டினால் பயிற்சிச் செலவுக்கு அதிலிருந்து கோர வழி உண்டு. ஆனால் கோர வேண்டியது கம்பெனி, வகுப்புத் தொடங்கும் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். துரையிடம் (மேனேஜரிடம்) பேசும்போது அந்த ஸ்டெரிலைசர் தாளையும் எடுத்துப் போங்கள். 18பி முதலாளியின் கடமை என்பதால் அது அவருக்கும் வேண்டிய தாள்தான். அப்புறம், பரீட்சையில் தேறினாலே பதிவு கிடைத்துவிடாது. வகுப்பும் பரீட்சையும் முடித்தவருக்குப் பாதுகாப்புத் துறையில் 3 வருட அனுபவமும் கேட்பார்கள். பாதுகாப்புக் குழுவில் இப்போதே ஓர் இடம் கேட்டு வாங்கி, செய்கிற வேலைக்கெல்லாம் எழுத்தில் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலைத்தம்பி:
நன்றி அக்கா, அண்ணா, கிராணி ஐயா. ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இப்போது 280க்குத் தருகிறேன் என்கிறார். சட்டத்தை மலாயில் இறக்கிவிட்டேன், 29ஏ இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: பழைய கோப்பில் விபத்து அறிக்கைப் பகுதியும் இருக்கிறது, நாலு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் 7 நாளுக்குள் டோஷுக்கு ஜேகேகேபி 6 என்ற பாரம் அனுப்ப வேண்டும் என்று. அதுவும் காலாவதியா?

கோலகங்சார் எஸ்எச்ஓ:
அது 2004 விதிமுறையில் உள்ளதுதான், வைத்துக்கொள்ளுங்கள். வருடாந்திரப் பதிவேடு ஜேகேகேபி 8, ஜனவரி 31க்குள் அனுப்ப வேண்டும் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.