மறு: புள்ளி வரியும் கேமராத் திட்டமும் – விடுதியில் ஒரே கணினியா, வீட்டுக்கு ஒரு பெட்டியா?

நம்மூர்ப் புள்ளிகள் அனைவருக்கும் வணக்கம்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளுக்குக் கேமரா வைக்க, புள்ளிக்கு (நம் நகரத்தார் கணக்கில் மணமான குடும்பம் ஒன்றுக்கு) இவ்வளவு என்று வரி வசூலிப்பது பற்றிய செயலாளர் அண்ணனின் மடலையும், பதிவைக் கணினியில் வைக்கலாம் என்று அதற்கு டல்லாஸ் தம்பி எழுதிய நீண்ட பதிலையும், சிங்கப்பூரிலிருந்து பெரியவீட்டு அண்ணன் எழுப்பிய கணக்குக் கேள்விகளையும் முழுவதும் படித்த பின்பே இதை எழுதுகிறேன். முன்னோரை வணங்கும் படைப்புக்குப் போயிருந்த தேவகோட்டை ஆச்சி, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஓர் அறையின் பூட்டு மாறியிருந்ததையும் பின்வாசல் நிலைக்கு மேலிருந்த மரவேலைப்பாடு பெயர்க்கப்பட்டிருந்ததையும் பார்த்து வந்து சொன்னதில் தொடங்கிய பேச்சு இது. கேமரா வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புள்ளிக்கு எவ்வளவு விழுந்தாலும் எங்கள் பங்குக்கு (வீட்டு உரிமையில் எங்கள் குடும்பக் கிளைக்கு) உரியதைத் தவணை சொல்லாமல் கட்டிவிடுவோம். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எல்லாவற்றின் பதிவையும் நம் நகரத்தாரின் பொது இடமான நகர விடுதியில் வைக்கும் ஒரே கணினியில் சேர்க்கலாம் என்ற ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. அந்தந்த வீட்டின் பதிவு அந்தந்த வீட்டுக்குள்ளேயே, கடைக்காரர்கள் என்.வி.ஆர். என்று சொல்லும் தனிப் பதிவுப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

டல்லாஸ் தம்பி சொல்லும் கணினி முறை குறைந்தது என்று நான் சொல்லவில்லை. விண்டோஸில் ஓடும் புளூ ஐரிஸ், லினக்ஸில் ஓடும் ஃபிரிகேட் போன்ற மென்பொருள்கள் பெரும்பாலான நிறுவனங்களின் கேமராக்களை ஏற்கும். ஆள் வந்ததையும் நாய் வந்ததையும் பிரித்துச் சொல்லும். பதிவு சேரும் வட்டு (ஹார்டு டிஸ்க்) நிறைந்தால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். தம்பியின் வீட்டில் அது நன்றாக ஓடுகிறதென்றால், அங்கே தம்பி இருக்கிறார் என்பதே காரணம். நம்மூரில் மின்சாரம் போய் வந்தபின் கணினி தானாக எழவில்லை என்றால் பொத்தானை அமுக்க யார் இருக்கிறார்கள்? கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் புதுப்பிப்பு முடிந்து கடவுச்சொல் கேட்டபடி நிற்கும் திரை, மென்பொருள் நின்றுபோனது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம், தூசி அடைத்த மின்விசிறி என்று கணினிக்கு ஆள் தேவைப்படும் தருணங்கள் பல. அவர் அலுவலகத்திலிருந்து தருவதாகச் சொன்ன பழைய கணினி விண்டோஸ் 10-இல் ஓடுவது. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. அன்போடு கொடுப்பதை மறுப்பதாக அவர் எண்ணக் கூடாது. பூட்டிய வீட்டுக்கு வேண்டியது, மின்சாரம் வந்ததும் எவர் கையும் படாமல் எழுந்து பதிவைத் தொடங்கும் பெட்டி.

அடுத்து, கம்பி. நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டவை. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவரின் கனத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் வைத்த வைஃபை பட்டாலைக் கூடத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதில்லை என்பது கல்யாணத்துக்கு வந்து தங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கம்பிதான் இழுக்க வேண்டும்; படத்தையும் மின்சாரத்தையும் ஒன்றாகக் கொண்டுசெல்லும் பி.ஓ.இ. கம்பிக்கு 100 மீட்டர் எல்லை உண்டு. சுவரேறி, உத்தரம் சுற்றி, நடு முற்றமான வளவைத் தாண்டிப் போகும்போது முகப்பிலிருந்து பின்வாசல் வரைக்குமே அந்த எல்லை நெருங்கிவிடும். இந்த நிலையில் வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து விடுதிக்குக் கொண்டுசெல்வது எப்படி? செம்புக் கம்பி வெளியே ஓடினால் ஐப்பசி இடிமின்னலில் ஒரு வீட்டில் இறங்குவது எல்லா வீட்டுக் கருவிகளையும் சேர்த்துச் சுட்டுவிடக்கூடும். கண்ணாடி இழைக் கம்பி போடலாம்தான். அதை எலி கடித்தால் ஒட்டித் தர வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டும்.

கரண்டுச் செலவைப் பெரியவீட்டு அண்ணன் கேட்டிருந்தார். கேமரா ஒன்று சராசரியாக 5 வாட் எடுப்பதாகக் கொண்டால் எட்டுக் கேமராவுக்கு 40 வாட். ஒரு வட்டு போட்ட பதிவுப் பெட்டிக்கு ஏறக்குறைய 15 வாட். இரண்டு மாதத்துக்கு இது 80 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை என்றால், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் அளவுக்குள் முடிந்துவிடும். பெட்டிக்குப் பதிலாக 80 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினியை வைத்தால் அதே கணக்கு 170 யூனிட்டைத் தாண்டும். மின்வெட்டில் இன்வர்ட்டர் பேட்டரி தாங்கும் நேரமும் அதைப் பொறுத்ததே: 150 ஆம்பியர்-மணி பேட்டரி, பெட்டியையும் கேமராக்களையும் மட்டும் தாங்கினால் அரை நாளுக்கு மேல் வரும். அதற்கு நீர் ஊற்றும் பொறுப்பைக் காவற்காரரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டதன் பலனை விடுதி ஜெனரேட்டரில் பார்த்தோம்.

கேமராவுக்காக வாங்கிய இரண்டு கடைகளின் விலைப்பட்டியலுக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு, இடையில் யாருக்கு என்ன போகிறது என்று பெரியவீட்டு அண்ணன் கேட்டிருப்பதைச் செயலாளர் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; கேட்க வேண்டிய கேள்வி அது. பட்டியல்களை வரிவரியாக ஒப்பிட்டேன். குறைந்த விலைப் பட்டியலில் இருப்பது டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டி; அது கேபிள் டி.வி.க்கு வருவது போன்ற கோஆக்சியல் கம்பியில் வரும் அனலாக் கேமராக்களுக்கானது, 2 மெகாபிக்சல். அதிக விலையில் இருப்பது கணினி வலைக் கம்பியில் ஓடும் ஐ.பி. கேமராவும் என்.வி.ஆரும், 4 மெகாபிக்சல். இரண்டும் ஒரே பொருளல்ல. பின்வாசலில் வந்தவரின் முகம் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவதே நல்லது. ஆனால் அந்தப் பட்டியலிலும் இரண்டு இடங்களில் எனக்குத் திருப்தி இல்லை. கம்பி ‘கேட் 6’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியும் அதே பெயரில் விற்கிறது, அது நீண்ட தூரத்துக்கு மின்சாரத்தைச் சரியாகக் கொண்டுசெல்லாது. ‘முழுச் செம்பு’ என்று எழுதி வாங்க வேண்டும். வட்டும் ‘4 டி.பி.’ (டெராபைட்) என்று மட்டுமே இருக்கிறது. இரவு பகலாக எழுதுவதற்கென்றே செய்த டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவற்றில் ஒன்றைப் பெயர் குறித்துக் கேட்க வேண்டும். பழைய வட்டைத் துடைத்துப் புதிது என்று கொடுப்பவர்களும் உண்டு என்பதால் வரிசை எண்ணும் பில்லில் வர வேண்டும்.

4 டி.பி. எத்தனை நாளைக்கு வரும் என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் ஒதுக்கினால் நாளொன்றுக்கு 21.6 ஜி.பி.; எட்டுக்கு 173 ஜி.பி. ஆக 23 நாட்கள் வரும். தரத்தைக் கூட்டி 4 மெகாபிட் ஆக்கினால் அது பாதியாகிவிடும். ஆச்சி பார்த்துச் சொன்னது நடந்து எத்தனை நாளான செய்தி என்று எண்ணிப் பாருங்கள். மாதம் ஒருமுறைகூடத் திறக்காத வீட்டுக்கு 23 நாள் போதாது, 8 டி.பி. வட்டு வாங்குவதுதான் முறை. அப்போது 46 நாள் கிடைக்கும். அசையும்போது மட்டும் பதிவு செய்தால் இடம் மிஞ்சும் என்பார்கள். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், சிலந்தி வலை பின்னும். அசைவு என்று பெட்டி பதிந்துகொண்டே இருக்கும். அந்தக் கணக்கை நம்பி வட்டைக் குறைக்க வேண்டாம்.

காவல் நிலையத்துக்குப் போகும் நாளையும் இப்போதே நினைக்க வேண்டும். திரையை அலைபேசியில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுவது வழக்குக்கு உதவாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் தர வேண்டும். அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணான ஹேஷ் மதிப்பைக் குறித்து, கருவியின் பொறுப்பாளரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பழைய சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னதும் நினைவிருக்கட்டும். டல்லாஸிலிருந்து நிர்வகிக்கும் கணினிக்குப் பொறுப்பாளர் என்று யார் கையெழுத்திடுவார், கூண்டேறி யார் சாட்சி சொல்வார்? வீட்டிலிருக்கும் பெட்டிக்கு ஊரிலிருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிட்டால், பெட்டியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு பொருத்தி வைப்பதும் அவர் கடமையாகிவிடும்.

இனி, எல்லோரும் சுற்றிவளைத்துப் பேசும் இடத்துக்கு வருகிறேன். கம்பி தூரத்துக்காகப் பெட்டியை வீட்டின் நடுவில் வைக்க வேண்டும். நடுவில் என்றால் இரண்டாம் கட்டு. அங்கே பூட்டோடு உள்ள அறைகள் மேலப்பங்குக்கும் எங்களுக்கும் உரியவை. எங்கள் அறையைத் தருகிறோம் என்று நான் முன்பே எழுதியதற்கு, ‘சாவியைக் கையில் வைத்துக்கொள்ளத் திட்டம்’ என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். எங்கள் அப்பச்சி இருந்த காலத்தில் அந்த அறைச் சாவி யாருக்காகவெல்லாம் திறந்தது, யாருடைய பெட்டகம் அங்கே எத்தனை வருடம் வாடகையில்லாமல் இருந்தது என்பதை அவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். பொதுவில் இதை எழுத வேண்டி வந்ததே எனக்கு வருத்தம். எங்கள் அறை வேண்டாமென்றால் சாமி வீட்டுக்கு (பூசை அறைக்கு) அடுத்த பொது அறையைக் காற்றோட்டம் பார்த்துத் தயார் செய்யலாம். முகப்பில் மட்டும் வைக்கக் கூடாது, திருட வருபவர் முதலில் எடுத்துப் போவது பெட்டியைத்தான்.

பங்காளி வீட்டில் யார் வந்தார், யார் போனார் என்று வேவு பார்க்கவா இது என்று ஆச்சிமார் கேட்பது நியாயமான கேள்வி. கேமராக்கள் வாசல்களையும் வளவின் மேலுள்ள கம்பித் தடுப்பையும் நடைகளையும் மட்டுமே பார்க்கட்டும். படைப்பு, கல்யாண நாட்களில் வளவிலுள்ளதை அணைத்துவிட வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் ஊர்ப் பொறுப்பாளரிடமும் முத்திரையிட்ட உறையில் தலைவரிடமும் இருக்கட்டும். பங்குக்கு ஒரு பார்வைக் கணக்கு போதும், அதில் அழிக்கும் உரிமை கூடாது. கடையில் வரும் கடவுச்சொல்லை அப்படியே விடக் கூடாது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்தது அந்தக் கவனக்குறைவால்தான். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சான்று தேவை; பழைய இருப்பைத் தள்ளிவிடாதபடி, வாங்கும் மாடலுக்கு அந்தச் சான்று இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டல்லாஸ் தம்பியின் உழைப்பும் வீணாக வேண்டாம். கேமராக்களை எந்த நிறுவனக் கருவியோடும் இணைக்க உதவும் ஆன்விஃப் என்ற பொது நெறியை ஏற்பவையாக வாங்கினால், பின்னாளில் ஒரு சிறு கணினியைப் பெட்டிக்குத் துணையாக வைத்து, ஆளைக் கண்டால் செய்தி அனுப்பும் வேலையை அதற்குத் தரலாம். அது நின்றாலும் பதிவு நிற்காது.

செயலாளர் அண்ணனிடம் நான் கேட்பவை இவை. புள்ளி வரி வசூலிக்கும் முன், நான் சொன்ன திருத்தங்களோடு இரண்டு கடைகளிடமும் புதிய விலைப்பட்டியல் வாங்கி இந்தக் குழுவில் போடுங்கள். எந்த வீட்டில் எந்த அறை, பொறுப்பாளர் யார், பேட்டரிக்கு யார் என்பதை எழுதி, பங்குக்கு ஒருவர் சம்மதம் தெரிவிக்கட்டும். முதலில் எங்கள் வீட்டில் வைத்து, ஒரு மழைக்காலம் ஓடிய பின் மற்ற வீடுகளுக்குப் போகலாம். அந்த முதல் வீட்டின் முன்பணத்தை எங்கள் பங்கிலிருந்து இப்போதே அனுப்பத் தயாராக இருக்கிறேன். ரசீது மட்டும் சங்கத்தின் பெயரில் வரட்டும்.

அன்புடன்,
மேலத்தெரு இளைய பங்கு, கோலாலம்பூர்