ஆசிரியர் படிப்புக்குக் கடன்: முதல் சம்பளம் தாங்குமா?

சாக்பீஸ்
கணித ஆசிரியர் பட்டப்படிப்பு, நான்கு வருடம். இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று பெயர்பெற்ற தனியார் கல்லூரி. விடுதி உட்பட எல்லாமே கடனில்தான். வட்டி 10 சதவீதம், பத்து வருடத்தில் அடைக்க வேண்டும். புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்தேன். கடன் தொகை அந்தச் சம்பளத்தில் ஒன்றரை வருடத்துக்குச் சமம். இன்னொன்று வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய அரசுக் கல்லூரி. அங்கே இதில் பாதிகூட ஆகாது.

அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடத் தயார். "படிப்புக்கு வாங்குறது கடனே இல்லம்மா" என்கிறார். அண்ணன், முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டிக் கடன் வாங்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? ஒரே ஒரு வேண்டுகோள்: டீச்சர் வேலையே வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அதை வீட்டில் நிறையவே கேட்டாகிவிட்டது.

கணக்கப்பிள்ளை
வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். அண்ணன் சொல்வது தோராய விதிதான், ஆனால் நல்ல விதி. நீங்கள் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, மாதத் தவணையை.

கடன் 100 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 25 வீதம் நான்கு தடவை வாங்குகிறீர்கள். படிக்கும்போது தவணை கிடையாது என்பார்கள். வட்டி கிடையாது என்று எல்லா இடத்திலும் சொல்லமாட்டார்கள். தனிவட்டியே போட்டாலும் படிப்பு முடிகிற அன்று அது 125. வேலை தேட ஒரு வருடம் போனால் 135. அதற்குப் பத்து வருடத் தவணை மாதம் சுமார் 1.78. கடன் பதினெட்டு மாதச் சம்பளம் என்ற உங்கள் கணக்குப்படி மாதச் சம்பளம் 5.56. பிடித்தம் எதுவும் போகாமலே மூன்றில் ஒரு பங்கு தவணைக்குப் போய்விடும்! கடைசியில் நூறுக்கு 214 கட்டியிருப்பீர்கள்.

படிக்கும்போதும் வேலை தேடும்போதும் வட்டியை மட்டும் அப்பா கட்டிவந்தால் அசல் 100 ஆகவே நிற்கும், தவணை 1.32. சம்பளத்தில் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அப்பாவிடம் கையெழுத்தைவிட இதைக் கேளுங்கள்.

ஆறாம் வகுப்பு டீச்சர்
தங்கச்சி, நான் வேலையில் சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஒரு எழுத்தர் என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என்ன பட்டம், என்ன பாடம், தகுதித் தேர்வு பாஸா, முன் அனுபவம் எத்தனை வருடம். இதையெல்லாம் வைத்துத்தான் சம்பள நிலையைக் குறித்தார். கல்லூரிப் பெயரைப் பார்த்துப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதினார், அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குச் சம்பளம் ஏறாது. பெரிய நிறுவனங்களில் கல்லூரிப் பெயருக்குக் கூடுதல் சம்பளம் தரலாம். சம்பள அட்டவணை வைத்திருக்கும் பள்ளியில் நீங்களும் அரசுக் கல்லூரியில் படித்தவரும் ஒரே வரியில்தான் இருப்பீர்கள். பெயருக்காக இரண்டு மடங்கு கடன் எதற்கு?

இன்னொன்று. நீங்கள் விசாரித்தது நிரந்தரப் பணியின் சம்பளமா? எங்களில் நிறையப் பேர் ஒப்பந்தத்தில்தான் ஆரம்பித்தோம். சில இடங்களில் பெரிய விடுமுறை மாதங்களுக்குச் சம்பளமே வராது. தவணைக்கு ஏது விடுமுறை?

தனியார் கல்லூரியில் கற்பித்தல் பயிற்சிக்கு நல்ல பள்ளிகளில் இடம் வாங்கித் தருகிறார்கள் என்றால் அதற்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை விளம்பரத் தாளில் படிக்காமல், இப்போது கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

வழிப்போக்கன்
ஆசிரியர்களுக்குக் கடன் தள்ளுபடி உண்டே என்று யாராவது சொன்னால் நிபந்தனையைப் படியுங்கள். அமெரிக்காவில் குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில் இடைவிடாமல் ஐந்து கல்வியாண்டு வேலை பார்த்தால், உயர்நிலைக் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கு 17,500 டாலர் வரை அரசுக் கடனில் கழியும். பெரும்பாலான மற்றவர்களுக்கு 5,000தான். அங்கேயே 'டீச்' என்றொரு உதவித்தொகை. சொன்னபடி நான்கு வருடம் பணியாற்றாவிட்டால் அது கடனாக மாறி, பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும். இங்கிலாந்து முறை வேறு: வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும், தாண்டிய தொகையில் 9 சதவீதம். உங்கள் கடன் இதில் எந்த ஜாதி என்று பத்திரத்தில் பாருங்கள்.

சாக்பீஸ்
எல்லோருக்கும் நன்றி. பத்திரத்தைப் பார்த்தேன், படிக்கும்போதும் வட்டி ஓடுகிறது. தள்ளுபடி எதுவும் இல்லை. நான் விசாரித்தது நிரந்தரப் பணிச் சம்பளம்தான், டீச்சர் அக்கா. அந்த 1.78ஐ அண்ணனிடம் காட்டியதும் அவனுக்கு ஒரே குஷி. அரசுக் கல்லூரியில் முன்பணம் கட்டப் போகிறேன். அங்கே பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள் என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.

கணக்கப்பிள்ளை
நல்லது. கடன் சிறியதானாலும் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.