மடிக்கணினியின் ஒலி அட்டையை மாற்றுவதால் பயன் உண்டா?

கேள்வி (பள்ளத்தூர்):
ஐயா 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த கதையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிந்த கேசட்டுகளும், ஆச்சியின் தாலாட்டுகள் அடங்கிய கேசட்டுகளும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் கொடுத்து அவற்றை மடிக்கணினியில் ஏற்றினால், அடியில் ஓர் உறுமலும் சேர்ந்தே பதிகிறது. ஆச்சியின் குரல் ஏறும் இடங்களில் ஒலி கரகரவென்று உடைகிறது. ஒலி அட்டையை நல்லதாக மாற்றினால் இது தீருமா?

மறுமொழி (காரைக்குடி):
மேசைக் கணினியில் அட்டையைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். மடிக்கணினியிலோ ஒலிக்கான சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், தரம் உயர்த்துவதற்கென்று அதை மாற்ற வழியில்லை. அதற்காகக் கடைக்குப் போக வேண்டாம். உங்கள் சிக்கலுக்குக் காரணமும் அந்தச் சிப் அன்று. இப்போதைய மடிக்கணினிகளில் உள்ள ஒற்றைத் துளை ஹெட்செட்டுக்கானது; அதன் வழியே உள்ளே போவது மைக்கின் ஒலி மட்டுமே, அதுவும் மோனோவாக, அதாவது ஒரே தடமாக. மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்குறிப்பைப் பெருக்குவதற்கென்று அமைந்த அந்த வழியில், டேப் ரெக்கார்டரின் வலுவான ஒலியைச் செலுத்தினால் குரல் ஏறும்போது உடையத்தான் செய்யும். லைன் இன் (இத்தகைய வலுவான ஒலியை ஏற்கும் துளை) உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கேற்ற வடிவில் மாற்றித் தரும் சிறு கருவி) ஒன்றை வெளியிலிருந்து இணைப்பதே சரியான வழி.

விலை கூடியதைத் தேட வேண்டியதில்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் பதிவு ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். சாதாரண கேசட்டோ 60 டெசிபலை எட்டுவதே அரிது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ பதிவே தாராளம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்.பி. இடம் பிடிக்கும்.

மறுமொழி (தேவகோட்டை):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஒருமுறை பதிந்து பாருங்கள். உறுமல் பெரும்பாலும் மின்னிணைப்பு வழியாகவே வருகிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். அடுத்து, டேப் ரெக்கார்டரின் ஹெட்டை (நாடா உரசிச் செல்லும், ஒலியைப் படிக்கும் பகுதியை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் மெல்லத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டாதவரை துடைக்க வேண்டும். ஹெட்டில் படிந்த அழுக்கு குரலை மங்கச் செய்கிறது. எவ்வளவு நல்ல கருவியை வாங்கினாலும் அந்த மங்கல் அப்படியே பதிவாகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் அறவே நின்றுவிட்டது. துடைத்த பஞ்சு பழுப்பேறி வந்தது. ஐயாவின் பேச்சில் சொற்கள் இப்போது தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. குரல் உடைவது மட்டும் தீரவில்லை. ஆகவே இன்டர்ஃபேஸ் வாங்கிவிடுகிறேன். இரைச்சலைப் பதியும்போதே நீக்கிவிடலாமா?

மறுமொழி (காரைக்குடி):
கூடாது. ஹெட்போன் துளையிலிருந்து எடுப்பதால், டேப் ரெக்கார்டரின் ஒலியளவைப் பாதியில் வைத்து, ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, உள்ளது உள்ளபடி வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை அதன் நகலில் மட்டும் செய்யுங்கள். அளவு மீறி நீக்கினால் தாலாட்டில் ஆச்சி மூச்சு வாங்கும் ஓசையும் சேர்ந்து போய்விடும்.