சோல் பிரிதல், பசைக் கறை, உடைந்த ஊசி: ரிஸ்க் அனாலிசிஸ் அனுபவங்கள்

அசெம்ப்ளி லைன், தரக்கட்டுப்பாடு:
எங்கள் ஷூ ஆலையின் ரிஜெக்ஷன் பதிவேட்டில் முதலிடம் எப்போதும் பசைக் கறைக்குத்தான். சோல் பிரிவது கடைசியில் எங்கோ கிடக்கும். எஃப்எம்இஏ, அதாவது ஒவ்வொரு பிழைக்கும் மூன்று விதத்தில் 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்கும் ரிஸ்க் அனாலிசிஸ், போட உட்கார்ந்ததும் வரிசை தலைகீழானது. கறைக்குக் கடுமை 3, நிகழும் வாய்ப்பு 8, கண்டுபிடிக்கும் சிரமம் 2. பெருக்கினால் 48. சோல் பிரிவதற்கு 8, 3, 8 போட்டோம், 192 வந்தது. கறை கண்ணில் பட்டுவிடும். பிடிப்பு வலுவில்லாத ஷூ பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பேசாமல் பெட்டிக்குள் போய்விடும்.

அப்புறம் காரணம் தேடினோம். ஒட்டும் வேலையில் நிற்பவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்தது பெரிய உதவி. ஹார்டனர் (பசையை இறுக வைக்கும் பொருள்) கலந்த பசை சில மணி நேரம்தான் தாங்கும். சாப்பாட்டுக்கு முன் கலந்தது சாயங்காலம் வரை ஓடுகிறது என்று அவர்கள்தான் சொன்னார்கள். அது எந்தக் காகிதத்திலும் இல்லை. ரஃபிங் (பசை பிடிக்கத் தோலைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவது) குறித்த கோடு வரை எட்டாமல் நின்றால் விளிம்பில் பளபளப்பான தோல் மெல்லிய கீற்றாக மிஞ்சும், வாய் பிளப்பது அங்கேதான் என்பதையும் காட்டினார்கள். இப்போது டப்பாவுக்கு டப்பா கலந்த நேரம் எழுதுகிறோம், நேரம் தாண்டினால் அந்தப் பசையைத் தொடுவதில்லை. ஒட்டுவதற்கு முன் சூடேற்றும் ஹீட்டரின் டயலை நம்பாமல் சோல் பரப்பின் சூட்டையே அளக்கிறோம். கடுமை 8 அப்படியேதான் இருக்கிறது, மற்ற இரண்டும்தான் இறங்கின.

சோதனைக்கூடம்:
ஒட்டியவுடன் இழுத்துப் பார்த்து முடிவு சொல்லிவிடாதீர்கள், ஒரு நாளாவது விடுங்கள். எவ்வளவு விசையில் பிரிந்தது என்பதோடு எங்கே பிரிந்தது என்றும் பாருங்கள். தோலின் நார் கிழிந்து வந்தால் ஒட்டு நல்லது. சோல் பக்கம் சுத்தமாக உரிந்தால் சோல் அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய ரிலீஸ் ஏஜென்ட் மிச்சமிருக்கலாம், பசைக்கு முன் பூசும் பிரைமர் மாறியிருக்கலாம். ரப்பர் சோலுக்குப் போடும் பிரைமர் ஈவிஏ என்ற லேசான நுரை சோலுக்குச் சரிவராது.

தையல் பிரிவு:
பெருக்குத்தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். உடைந்த ஊசிமுனை அப்பரில் (ஷூவின் மேல்பாகத்தில்) தங்கிவிடுவதற்கு நாங்கள் போட்டது 10, 2, 2. தொகை 40தான். மேலே சொன்ன பசைக் கறையே அதை முந்திவிடும்! காலில் குத்தும் விஷயத்தைக் கறைக்குப் பின்னால் வைக்க முடியுமா? கடுமை 9, 10 என்றால் தொகை பார்க்காமல் முதலில் எடுக்கிறோம். வாகனத் துறைக்காக ஏஐஏஜி என்ற அமெரிக்க அமைப்பும் விடிஏ என்ற ஜெர்மன் அமைப்பும் 2019-ல் வெளியிட்ட கையேடும் இந்தப் பெருக்கலை விட்டுவிட்டது. உடைந்த ஊசியின் துண்டுகள் முழுதும் சேர்ந்தால்தான் புது ஊசி தருவோம். ஒன்று குறைந்தாலும் அந்த மேஜையிலுள்ள எல்லா ஜோடியும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். இதை அப்பர் நிலையிலேயே, ஐலெட் (லேஸ் துளையின் உலோக வளையம்) அடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஸ்டீல் ஷாங்க் (அடிப்பாகத்துக்குள் வைக்கும் எஃகுப் பட்டை) ஏறிவிட்டால் டிடெக்டர் எல்லா ஷூவுக்கும் கத்தும்.